நாக்கு கூசும் பெயர்

படகுக்காரர் இப்ராம்சா காக்கா இஞ்சினை அணைத்துவிட்டார். அணைத்த பிறகும் என் காதுக்குள் அது தடதடவென்று கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, அப்புறம் அதுவும் நின்றது, இப்போது வல்லத்தின் பலகையைத் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும், ளப் ளப் என்று, கன்றுக்குட்டி கழுநீர் குடிக்கிற மாதிரி. வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, தெற்கிலிருந்து வரும் சோழகம் இன்னும் பிறக்கவில்லை, பங்குனியில் நடுவே கிடைக்கிற இந்தச் சில நாட்கள்தான் கடல் இப்படிக் கிடக்கும், ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி. இமைக்காதே திலகவதி. இமைத்தால் போச்சு. அது மேலே வருவது ஒரு விநாடி, மூச்சு விட்டு மூச்சு இழுத்து உள்ளே போய்விடும், துள்ளாது, தண்ணீரைச் சிதறடிக்காது, ஓங்கில்கள் மாதிரி, அதுதான் டால்பின்கள், படகுக்கு முன்னால் ஓடி வேடிக்கை காட்டாது, முதுகில் துடுப்பு கூடக் கிடையாது, கூச்சம் பிடித்த ஜென்மம். அதைப் படித்துத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். அதன் பல்லை எண்ணியிருக்கிறேன், வயிற்றுக்குள் கிடந்த இறாலையும் கணவாயையும் சின்ன மீன் எலும்புகளையும் கிண்ணத்தில் போட்டுப் பிரித்திருக்கிறேன், சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம் என்று மேடையில் ஏறிப் பேசியிருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. எட்டு வருஷம். இதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து அம்மா போனில் கேட்பாள், "உன் பன்னி கெடச்சுதா கண்ணு?" இல்லம்மா. "அதென்னடி, இல்லாத பன்னிக்கு ஒரு படிப்பு?" இன்று மனசு முழுக்கச் சந்தோஷம், சுத்தமான சந்தோஷம், பரீட்சைத் தாளைத் திருப்பிப் போட்டதும் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தால் வருமே, அது. நேற்று மத்தியானத்திலிருந்து இது நிற்கவே இல்லை.

நேற்று மத்தியானம், காரையடிப் பள்ளிவாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், நான் சபூராவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், இந்தக் கரைக்காரி, கடலியல் முதுகலை. இப்போது வல்லத்தின் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு, முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் விட்ட ஒலிவாங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். மீனவர்களிடம் எப்படிப் பேட்டி எடுப்பது என்று நான் பெரிய வாத்தியார் தோரணையில் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் சலாம் சொல்லணும், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடணும், வலையைப் பற்றி, மீன்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசணும், அப்புறம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடணும், "காக்கா, நீங்க கடல்பன்னி பாத்திருக்கீங்களா?" அவ்வளவுதான், குடித்த டீ அவளுக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. இருமுகிறாள், கண்ணில் தண்ணீர், தலையில் நானே தட்டினேன். "எங்க ஆளுங்ககிட்ட இப்படியேவாக்கா கேட்டீங்க?" இப்படியேதான். "எல்லார்கிட்டயுமா?" எல்லாரிடமும்தான், மூன்று வருஷமாக, ஏன்? "அக்கா, எங்க உம்மா அந்தப் பேரை வாயில எடுக்காது. மத்ததுன்னுதான் சொல்லும். சொன்னா பாவம்லாம் இல்லக்கா, குர்ஆன்லயே பேர் வருது. ஆனா நாக்கு கூசும். நீங்க பாட்டுக்குப் போயி தாடி வச்ச பெரிய மனுசங்ககிட்ட, கடல்... அதைப் பாத்தீங்களான்னு கேட்டா யாரு ஆமான்னு சொல்லுவா?" நான் டீயைக் கீழே வைத்தேன். சரி, அந்த மிருகத்துக்கு நீங்கள் என்னதான் சொல்வீர்கள், முதுகில் துடுப்பு இல்லாமல், மூக்கு நீளாமல், சின்னதாக, கருஞ்சாம்பலாக? அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "ஓ, மொட்டையா!" என்றாள், பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்கிற மாதிரி. "மொட்டையப் பாக்காதவங்க இந்த ஊர்ல உண்டா?" டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்து, "மொட்டை எங்க, வாய்க்கா முகத்துலயா?" என்று கேட்டார்.

மொட்டை! துடுப்பு இல்லாதது மொட்டை. இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை எந்த அகராதி வைத்துவிடும்? நான் வைத்த பெயர் கடல்பன்றி. வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை, எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் ஓங்கில் ஓங்கில் என்றே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள், எது ஓங்கில் எது இது என்று பிரிக்க முடியாமல் குழம்பிக் கிடந்தது, நான்தான் தனிப்பெயர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அகராதியைப் பார்த்துக் கண்டுபிடித்து, நல்ல தமிழ், சுத்தமான தமிழ் என்று பெருமைப்பட்டேன். பேர் வெச்சியே சோறு வெச்சியா என்பார்கள். அந்தப் பெரியவர்களின் முகமெல்லாம் இப்போது வரிசையாக வருகிறது. ஒருத்தர் தோளைக் குலுக்கி, "நாங்க அதெல்லாம் தொடுறதில்லம்மா" என்றார், நான் அடடா, என்ன ஜீவகாருண்யம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொருத்தர் ரொம்ப மரியாதையாக, "அந்தக் கறி இங்க கெடைக்காது, டவுன்ல கேட்டுப் பாருங்க" என்றார். கறி! பாவம், தர்மபுரிக்காரி ஒருத்தி வாய்க்கு ருசியாகத் தேடிக்கொண்டு கடற்கரைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். இப்ராம்சா காக்காவிடம் காலையில் வல்லத்தில் ஏறும்போதே கேட்டேன், நான் உங்களிடமும் கேட்டேனா காக்கா? நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "கேட்டீக மேடம். நோன்பு வச்சிருந்தேன். நோன்பு வாயில அந்தப் பேரச் சொல்லச் சொன்னீக." சபூரா சிரித்த சிரிப்பில் வல்லம் ஆடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அவர் மட்டும் சிரிக்காமல் கயிற்றைச் சுருட்டி முடித்தார். ஊரில் சொந்தக்காரர்கள் என்னைப் பன்னி டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெரியப்பா மகன் கல்யாணத்தில் ஒருத்தர் தன் பண்ணைப் பன்றிக்குக் கழிச்சல் நிற்க மருந்து எழுதிக் கேட்டார், அப்போதெல்லாம் சுள்ளென்று கோபம் வரும், என் மிருகத்துக்கு எப்பேர்ப்பட்ட அவமரியாதை என்று. பார்த்தால் அவமரியாதையை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான்.

அங்கே ஏதோ. இல்லை, மட்டை, தென்னை மட்டை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், மட்டையெல்லாம் முதுகாகத் தெரிகிறது. சிரிப்பாக இருக்கிறது என்றாலும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது? நான் எழுதிய அந்த இல்லைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வரைபடமாகிவிட்டன. மற்ற கரையெல்லாம் கண்ட இடத்துக்கு ஒன்றாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், காரையடிப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். மாசிலாமணி சார், எங்கள் ஆய்வுக்குத் தலைவர், அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்து, "சைபர்ங்கறதும் ஒரு தகவல்தான் திலகவதி" என்று பாராட்டினார். அந்த வெள்ளை வழியாகத்தான் இப்போது துறைமுகத்துக்காரர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பெரிய படகுகள் வந்துபோக, ஊர் வாய்க்கால் கடலில் சேரும் இந்த முகத்தில் ஆழப் பாதை, கடலடியைத் தோண்டி, சேற்றைக் கிளறி, மாதக்கணக்கில் இரைச்சல். எங்கே தோண்டினால் எந்தப் பிராணிக்கும் கேடில்லை என்று கேட்டார்கள், நாங்கள் வரைபடத்தைக் கொடுத்தோம், அவர்கள் யோக்கியமாக வெள்ளை இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரைக் குறை சொல்ல? நாளைக்கு அதை முடிவு செய்கிற கூட்டம், இன்று மத்தியானத்துக்குள் சார் கடைசிப் படத்தை அனுப்பியாக வேண்டும். நேற்றே போனில் கத்தினேன், சார், அது சைபர் இல்லை, அது ஒரு வார்த்தை! அவர் நிதானமானவர், எதற்கும் பதறாதவர். "ஒரு டீக்கடையில சிரிச்சாங்கங்கறதுக்காகப் படத்தை மாத்த முடியாதும்மா. கண்ணால பாரு. ரெண்டு பேர் பாக்கணும். அப்ப போடறேன் புள்ளி." அதுதான் எங்கள் விதி. ஒருத்தர் கண்டது கணக்கில்லை, ஆசை கண்ணை மறைக்கும், கூட இன்னொருத்தர் கண்டு, யாரும் எடுத்துக்கொடுக்காமல் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவளும் நான்தான். எதை எடுத்தாலும் நான்தான் வந்து நிற்கிறேன். ஆக இன்று, இந்த வேளைக்குள், ஒரு முதுகு. ஒரே ஒரு முதுகு தெரிந்தால் போதும், இந்தத் தண்ணீர் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு முதுகை நான் தொட்டிருக்கிறேன். அது வேறு கரை, மன்னார் பக்கம், படிக்க வந்த முதல் வருஷம், காலை வெயிலில் மணலில் கிடந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது, என் உயரம்கூட இல்லை. முதுகு வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்துக் கையை வைத்தேன், நடுவே மட்டும் ஒரு கோடு சொரசொரவென்று ஓடியது, நிலக்கடலைத் தோலைத் தடவுகிற மாதிரி, தடவியதும் எங்கள் காட்டில் கடலை பிடுங்குகிற நாள் ஞாபகம் வந்து, கடற்கரையில் நின்றுகொண்டு எனக்கு மண்வாசனை அடித்தது. வாய் ஓரம் மேலே வளைந்து சிரித்தபடி இருந்தது, அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், செத்தாலும் சிரிக்கும், அதுதான் தாங்க முடியவில்லை. கழுத்தைச் சுற்றி மெல்லிய கீறல், நைலான் வலை. வலை அதன் மேல் எந்த விரோதத்தையும் காட்டுவதில்லை, மீனுக்காக விரித்தது, நடுவே இது. மூச்சு விட மேலே வர வேண்டும், நம்மைப் போலத் தன்னையறியாமல் மூச்சு விடத் தெரியாது அதற்கு, ஒவ்வொரு மூச்சையும் நினைத்து நினைத்து விடுகிற பிராணி, தூங்கும்போதுகூட மூளையில் ஒரு பாதி விழித்துக்கொண்டு மூச்சுக்குக் காவல் இருக்கும் என்கிறோம். வலையில் மாட்டினால் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷமும் அது மூச்சை நினைத்துக்கொண்டே இருந்திருக்கும், அல்லவா? வயிற்றைக் கீறியபோது உள்ளே ஒரு குட்டி மடங்கிக் கிடந்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு, அதுவும் சிரித்தபடி. எனக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை அதற்கப்புறம். அன்றைக்கு அழுதேன், எல்லார் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அதையெல்லாம் இன்று நினைக்காதே. இன்று நல்ல நாள். சபூராவின் பெட்டியிலிருந்து ஹெட்போன் வழியாகக் கசிகிறது கடலின் சத்தம், கடுகு வெடிக்கிற மாதிரி சடசடவென்று, அது இறால்கள், அடியில் புல்லுக்குள் உட்கார்ந்து கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும் பொடி இறால்கள். மொட்டையின் குரல் நம் காதுக்கு எட்டாது, அவ்வளவு கூர்மை, நாய்க்குக்கூட எட்டாது. அந்தக் குரலை எறிந்து, அது பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் கலங்கல் தண்ணீரில் வழி பார்க்கிறது, நைலான் நூல் மட்டும் சரியாகத் திருப்பித் தராது, அங்கேதான் ஏமாறுகிறது. அந்தக் குரலை இந்தப் பெட்டி நம் காதுக்கு எட்டும்படி இறக்கிக் கொடுக்கும், பையின் ஜிப்பை இழுக்கிற மாதிரிக் கேட்கும். ஜிப் வரவில்லை, கடுகுதான் வெடிக்கிறது. காக்கா பின்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார், நான் கிழக்கே பார்த்தால் அவரும் கிழக்கே பார்க்கிறார். "மொட்டை வந்தா, மேடம்," என்றார் திடீரென்று, "இங்க வலை போடாதன்னுவாகளா?" இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், காலையிலிருந்து அவர் இதைத்தான் மனசில் வைத்திருந்தார். பொய் சொல்லலாம். ஒரு சின்னப் பொய், தொழிலுக்கு ஒன்றும் வராது காக்கா என்று. நாக்கு வரை வந்தது. "சொல்லலாம் காக்கா," என்றேன், "வருஷம் பூரா இருக்காது. குட்டி போடுற மாசங்கள்ல, இந்த வாய்க்கால் முகத்துல மட்டும் இருக்கலாம்." அவர் தலையை ஆட்டினார், ஆமென்றா, கேட்டுக்கொண்டேன் என்றா தெரியவில்லை. "என் பாடு பூரா இந்த முகத்துலதான்" என்றார். எனக்குள் பொறி தட்டியது, ஒருவேளை அன்றைக்கு அவர்கள் இல்லை என்றது வெறும் வார்த்தைக்காக இல்லையோ? நாக்கு கூசியதில் பாதி, வயிறு கூசியதில் பாதி? எந்த இல்லையில் எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பேன், கிண்ணத்தில் போட்டுப் பிரிக்க முடியுமா? அப்படியே இருந்தாலும் அவர்களைக் குறை சொல்ல நான் யார், சம்பளம் வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்கிறவள்.

"அக்கா." சபூரா கண்ணைத் திறக்கவில்லை, கையை மட்டும் தூக்கினாள். "ஜிப்." என் முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டியை இழுத்தார்கள். எங்கே? "தெரியல. ஒண்ணு. இல்ல, ரெண்டு. நெருக்கி வருது." ஜிப் நெருங்கினால் இரை தேடுகிறது என்று அர்த்தம், அடியில் எங்கோ, இந்தப் பலகைக்கு அடியிலேயேகூட இருக்கலாம், என் பாதத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகையும் கொஞ்சம் தண்ணீரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அது எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அவ்வளவு நேரம் நானும் என்று, பைத்தியக்காரி. கிழக்கே ஒன்றுமில்லை. வடக்கே ஒன்றுமில்லை. கடல் இஸ்திரி கலையாமல் கிடக்கிறது. நெஞ்சு வலிக்கிறது. அப்போதுதான் தெற்கிலிருந்து தடதடதடவென்று சத்தம், ஒரு ஃபைபர் படகு, நேராக எங்களை நோக்கி, ஐயோ வராதே, வராதே, இந்த இரைச்சலில் அது ஊரைவிட்டே போய்விடும். நான் கையை ஆட்டினேன், அந்த ஆள் பதிலுக்குச் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு இன்னும் வேகமாக வந்தார். காக்கா எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றி, "மச்சான்! நிறுத்து! இஞ்சின நிறுத்து!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்தப் படகு தூரத்திலேயே அடங்கியது. "என்ன மச்சான், வலையா?" என்று குரல் வந்தது. "வலையில்ல, மொட்டை!" அந்த ஆள் அப்படியே உட்கார்ந்து பீடி பற்றவைத்தது தெரிந்தது. மொட்டை என்றால் நிறுத்த வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை அங்கே. காக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலை போட முடியாமல் போகலாம் என்று தெரிந்த பிறகு இதைச் செய்தார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. சபூரா தலையை அசைத்தாள். "நின்னுருச்சுக்கா. கடுகு மட்டும்தான்."

போய்விட்டது. போயேவிட்டது. சாரிடம் என்ன சொல்ல, ஒரு ஜிப் கேட்டது சார் என்றா? பெட்டியை அவர் நம்பமாட்டார், கண்ணால பாரு என்பார். சரி, போகட்டும், உட்காருவோம், இன்னும் வெயில் ஏறவில்லை, எட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இது ஒரு நேரமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வாயை எடுத்த எடுப்பில் தப்பாக எடுத்த பிள்ளை என்ன செய்யும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், களி கிண்டிக்கொண்டிருப்பாள், கிடைத்தால் அவளுக்குத்தான் முதலில், அம்மா, உன் பன்னி, இல்லை, மொட்டை, அவளுக்கு மொட்டை என்றால் கோயில் மொட்டை, யாருக்கு வேண்டுதல் என்பாள், இவளுக்குப் புரியவைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் முழங்கைக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். புஃப். அவ்வளவுதான். சூடான பாலை ஊதுகிற அளவுதான். திரும்பினேன். கருஞ்சாம்பல் முதுகு, நனைந்த அம்மிக்கல் மாதிரி, துடுப்பு இல்லை, அந்தச் சொரசொரக் கோடு வெயிலில் மினுங்குகிறது, கையை நீட்டினால் தொடலாம், உயிர், உயிர், அது அசைகிறது, தானாக அசைகிறது! அது சரிந்து உள்ளே போக, ஒட்டிக்கொண்டே இன்னொன்று, என் கை நீளம் இருக்குமா, இன்னும் கொஞ்சம் இருக்கும், மடிப்பு மடிப்பாக உடம்பு, பிறந்து அதிக நாள் ஆகவில்லை, அதுவும் ஊதியது, ஃபு என்று, ரொம்பச் சின்னதாக. கேமரா கழுத்தில் தொங்குகிறது, தொங்கட்டும், கேமரா என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. எந்தக் கோணம், எவ்வளவு தூரம், எத்தனை என்று நிதானமாகச் சொல்ல வேண்டும், எத்தனை மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். "மொட்டை! மொட்டை! மொட்டை!" என்று நான் கத்தினேன். "மெதுவா மேடம்," என்றார் காக்கா பின்னாலிருந்து, "அதுக்குக் காது கேக்கும்."

சபூரா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு இந்தப் பக்கம் பாய்ந்தாள், வட்டம் வட்டமாக விரியும் தண்ணீர்தான் இருந்தது. "பாக்கலக்கா, நான் பாக்கல," என்று அவள் அழாக்குறையாகச் சொன்னபோதுதான் விதி ஞாபகம் வந்தது, ரெண்டு பேர். போன் கையில் வழுக்குகிறது. கரை தெரிகிற தூரம்தான், சிக்னல் இருந்தது, மணி போயிற்று, ஸ்பீக்கரில் போட்டேன். சார், பார்த்தேன் சார், தாயும் குட்டியும் சார். சிரிக்கிறேன், மூக்கை உறிஞ்சுகிறேன். அப்புறம் அவருடைய அந்தப் பாழாய்ப்போன நிதானக் குரல், "சந்தோஷம்மா. கூட யார் பாத்தா?" சபூரா பார்க்கல சார், படகுக்காரர் பார்த்தார். "அவர்கிட்ட குடு. நீ ஒண்ணும் எடுத்துக்குடுக்காத. அவர் வாயால சொல்லட்டும்." நான் போனை நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் தெரியல சார் என்று சொன்னால் போதும் அவருக்கு. ஏதோ கறுப்பாத் தெரிஞ்சுது, ஓங்கிலா இருக்கும் என்றால் போதும். வாய்க்கால் முகம் அவருடையது, வலை அவருடையது, ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் எல்லாம் அப்படியே அவருடையதாக இருக்கும், அப்படிச் சொன்னாலும் இவர்மேல் என்னால் கோபப்பட முடியாது என்று அந்த விநாடியில் தெரிந்தது. அவர் போனை வாங்கினார். "சலாம் சார். இப்ராம்சா பேசுறேன். பாத்தேன் சார். மொட்டை. தாயும் புள்ளையும்." "மொட்டையா?" என்றார் சார். "எது மொட்டை? எனக்குப் புரியலயே. அதுக்கு வேற பேர் இருக்கா?" நான் வாயைத் திறந்தேன், விதி வாயை மூடியது. சபூரா தலையைக் குனிந்துகொண்டாள். காக்கா என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வட்டங்கள் அடங்கிவிட்ட இடத்தை.

"கடல்பன்னி சார்," என்றார். "நல்லாக் கேட்டுக்கிருங்க. கடல்பன்னி. ரெண்டு."

போனை என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினார். "இன்னொரு தடவ கேக்கச் சொல்லாதீக" என்று என்னைப் பார்த்து முறைத்தார், முறைக்கும்போதே தாடிக்குள் சிரிப்பு. மடியிலிருந்து சார், "போட்டுட்டேன் திலகவதி, புள்ளி போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காக்கா நங்கூரத்தை இழுத்துப் போட்டார். இஞ்சின் பக்கம் போகவில்லை. பலகைக்கு அடியிலிருந்து நீளக் கம்பை உருவி, சேற்றில் ஊன்றி, சத்தமில்லாமல் வல்லத்தைத் தள்ள ஆரம்பித்தார்.